டிரைவர் எங்கம்மா?

வாடகைக் கார் தொழில்ல ஓட்டுறது கம்மி, காத்திருக்கறதுதான் ஜாஸ்தி. பிளேன் லேட்டாகும். ரயில் லேட்டாகும். "அஞ்சே நிமிஷம்மா, வந்துடறேன்"னு வீட்டுக்குள்ள போன கஸ்டமர் குளிச்சு, சாப்பிட்டு, தூங்குற குழந்தைக்குச் சட்டை மாத்திட்டு வருவாரு. நாம சீட்டைப் பின்னால சாய்ச்சுட்டுக் கூரையைப் பாத்துக்கிட்டு இருக்கணும். பொறுமை இல்லாதவங்க இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது. எனக்குப் பொறுமை சுத்தமா கிடையாது. ஆனாலும் வந்துட்டேன்.

எம் பேரு ஸ்டெல்லா. திருச்சி பாலக்கரை. எங்க வீட்டுக்காரர் சகாயராஜ் குவைத்ல டிரெய்லர் ஓட்டுறாரு. போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் காரை வாங்கி, ஒரு டிரைவரையும் போட்டுட்டுப் போனாரு. அந்த டிரைவர் திங்கக்கிழமை வந்தா செவ்வாக்கிழமை வரமாட்டான். வண்டி வாசல்ல நின்னு காக்கா எச்சம் வாங்கிட்டு இருந்துச்சு. கல்யாணமான புதுசுல பொன்மலை மைதானத்துல வெச்சு அவரு எனக்கு விளையாட்டா டிரைவிங் சொல்லிக்கொடுத்திருந்தாரு. ஒரு நாள் சாவியை எடுத்தேன், உக்காந்தேன், ஓட்டிட்டேன். அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல சொன்னதும் அவரு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. "ஓட்டு, ஓட்டு. கிளட்ச்ச மட்டும் பாதில வெச்சு ஓட்டாத, தேஞ்சுடும். உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு"ன்னாரு.

உங்கள்ல யாராவது ஆம்பளை நர்ஸா, பொம்பளை எலெக்ட்ரீஷியனா, எல்.கே.ஜி. புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஆம்பளை டீச்சரா இருந்தா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம எல்லார் கதையும் ஒரே கதைதான். நம்மளை யாரும் நேர்ல பாக்கறதே இல்ல. சினிமாலயும் சீரியல்லயும் பாத்துட்டு வந்துதான் நம்ம முன்னாடி நிக்கறாங்க.

வலது பக்கக் கதவு

திருச்சி ஏர்போர்ட்ல எனக்கு வர்ற சவாரி முக்காவாசி வளைகுடாவுலேருந்து வர்றவங்கதான். அங்கெல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம். அதனால டிரைவருக்குப் பக்கத்து சீட் வலது பக்கம். பல வருஷம் அங்க இருந்துட்டு வர்றவங்க, வந்த வேகத்துல முன் சீட்ல உக்காரணும்னு நேரா வலது பக்கக் கதவைத் திறப்பாங்க. திறந்தா அங்க நான் உக்காந்திருப்பேன். ஆம்பளை டிரைவரா இருந்தா "ஸாரி பாஸ்"னு சிரிச்சுட்டு அந்தப் பக்கம் போயிடுவாங்க. என்னைப் பாத்தா அப்படியில்ல. திடுக்குன்னு கதவைச் சாத்திட்டு, வண்டி நம்பரைப் பாத்து, மறுபடி என்னைப் பாத்து, யாரோ வீட்டம்மா தெரியாம டிரைவர் சீட்ல உக்காந்துட்டாங்கன்னு முடிவு கட்டிருவாங்க. தம்மாம்பட்டிப் பக்கத்துலேருந்து வந்த ஒருத்தர் ரொம்ப மரியாதையா குனிஞ்சு, "டிரைவர் எங்கம்மா? டீ குடிக்கப் போயிருக்காரா?"ன்னு கேட்டாரு. நான்தாங்க டிரைவர்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. அப்புறமும் சுத்திமுத்தித் தேடினாரு.

அன்னிக்குப் பார்க்கிங்ல காத்திருக்கும்போது இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். நாங்க தினமும் பேசறது அந்த நேரத்துலதான். அங்க அவரு லோடு இறக்கக் காத்திருப்பாரு, இங்க நான் பிளேனுக்குக் காத்திருப்பேன். அவரு மணல் காத்தைப் பத்திச் சொல்வாரு, நான் காந்தி மார்க்கெட் நெரிசலைப் பத்திச் சொல்வேன். "பாவம் அவனைச் சொல்லி என்ன பண்றது? எனக்கே இங்க கை காலெல்லாம் மாறிப்போச்சு. கனவுல நம்ம ஊர் ரோட்டுல ஓட்டுனாலும் இடது பக்கம் உக்காந்துதான் ஓட்டுறேன்"னாரு. கனவுல நான் எங்க இருக்கேன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, பட்டுன்னு சொன்னாரு: "எனக்கு வலது பக்கம். வாயைத் திறந்து தூங்கிக்கிட்டு வர்ற."

பெரிய இடத்துப் பொண்ணு

ஒரு தடவை ஜங்ஷன்லேருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு மாமாவும் மாமியும் ஏறினாங்க. மாமா மேல கைப்பிடியைப் புடிச்சவரு புடிச்சவருதான். ஒவ்வொரு சிக்னலுக்கும் "ரங்கா, ரங்கா"ன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தாரு. மாமிக்குப் பயமே இல்ல. முன்னால குனிஞ்சு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தாங்க. காவிரிப் பாலம் ஏறினதும் ஆரம்பிச்சுட்டாங்க. "ஏண்டிம்மா, நீ நெஜமாவே டிரைவர்தானா?"

"ஆமா மாமி, ஏன்?"

"இல்ல, நான் சாயந்தரம் டி.வி.ல ஒரு நாடகம் பாக்கறேன். அதுல ஒரு பொண்ணு ஆட்டோ ஓட்டறா. பாத்தா ஒன்னை மாதிரியேதான் இருப்பா. கடைசில பாத்தா அவ பெரிய மில் ஓனரோட பொண்ணு. பொறந்தப்போ ஆஸ்பத்திரில மாத்திட்டா. ஒனக்குச் சின்ன வயசுல கழுத்துல செயின் ஏதாவது கிடந்ததா? நன்னா யோசிச்சுச் சொல்லு."

எங்கப்பா ரயில்வே ஒர்க்ஷாப்ல வேலை பாத்தாரு, எங்கம்மா தையல் மிஷின் ஓட்டினாங்க, என்னை யாரும் மாத்தல மாமின்னு சொன்னேன். மாமி நம்பல. மாமா "சித்த சும்மா இரேன், அவ ரோட்டைப் பாக்கட்டும்"னு கெஞ்சினாரு. வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேட்டாங்க. குவைத்ல இருக்காருன்னேன். "அதான் பாத்தியா! நாடகத்துலயும் அவ ஆம்படையான் துபாய்லதான் இருக்கான்"னு மாமாவோட தோள்ல ஒரு தட்டு தட்டினாங்க. உத்தர வீதில இறங்கும்போது என் கன்னத்தைத் தடவி ஆறுதல் சொன்னாங்க: "கவலையே படாதே. கடைசி வாரத்துல எல்லாச் சொத்தும் ஒன் பேருக்கே வந்துடும்."

மெதுவா போங்க

வெளிநாட்டுலேருந்து வர்றவங்களை ஏத்தினா, ஏர்போர்ட் கேட்டைத் தாண்டறதுக்குள்ளயே "கொஞ்சம் சீக்கிரம் போங்க"ன்னுதான் சொல்வாங்க. எல்லாரும் அப்படித்தான். ஒரே ஒரு ஜோடிதான் மாத்திச் சொன்னாங்க. திருவெறும்பூர்க்காரங்க. அந்தப் பொண்ணு மல்லிகைப்பூ வெச்சுக்கிட்டு, ஒரு சின்னப் புள்ளையத் தூக்கிட்டு என் வண்டிலதான் வந்திருந்தா. வர்றப்போ வழி முழுக்க அந்தப் புள்ளைகிட்ட "அப்பாவைப் பாத்தா என்ன சொல்லணும்?"னு கேட்டுக்கிட்டே வந்தா. அவ புருஷன் வெளில வந்து கையை நீட்டினதும் அந்தப் புள்ளை வீல்னு கத்தி, அம்மா கழுத்தைக் கட்டிக்கிச்சு. அந்த மனுஷன் நீட்டின கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம டிராலியைப் புடிச்சுக்கிட்டாரு.

பின் சீட்ல புருஷன் ஒரு ஓரம், பொண்டாட்டி ஒரு ஓரம், நடுவுல புள்ளை. சுப்பிரமணியபுரம் தாண்டினதும் புள்ளை தூங்கிடுச்சு. அப்போ கண்ணாடில பாத்தேன். புள்ளை தலைக்கு மேல அவரு கை மெதுவா வந்து அவ கைமேல உக்காந்துச்சு. நான் கண்ணாடியை மேல திருப்பி வெச்சுட்டேன். எத்தனையோ பேரோட புருஷனை வீட்டு வாசல்ல கொண்டுபோய் இறக்கியிருக்கேன். என் புருஷனை நானே போய்க் கூட்டிட்டு வரணும். பக்கத்து சீட்ல உக்கார வெச்சு பாலக்கரை வரைக்கும் ஓட்டணும். அவரு சொல்லிக்கொடுத்ததை அவருக்கே ஓட்டிக் காட்டணும். நான் ஓட்ட ஆரம்பிச்சதுக்கப்புறம் அவரு லீவு தள்ளித் தள்ளிப் போய், ஊருக்கே வரல. என் ஆசை அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணுமில்ல. பின்னாலேருந்து அந்தப் பொண்ணு, புள்ளை எழுந்துடாம ரகசியமா சொன்னா: "அக்கா, மெதுவா போங்க. ஒண்ணும் அவசரமில்ல."

காக்கிச் சட்டை

வீடியோ எடுக்கற படிப்பு படிக்கிற காலேஜ் புள்ளைங்க கொஞ்சப் பேரு ஒரு நாள் என்னைத் தேடி வந்தாங்க. அவங்களுக்குத் தலைவி நிவேதான்னு ஒரு பொண்ணு. கெட்டிக்காரி, பேச்சுல தேன் ஒழுகும். பொம்பளை டிரைவரைப் பத்தி ஒரு படம் எடுத்து இன்டர்நெட்ல போடணும்னா. பெருமையா இருந்துச்சு, சரின்னுட்டேன். சுடிதார்ல போய் நின்னேன். அவ மூஞ்சி சுருங்கிடுச்சு. "அக்கா, புடவை கட்டி மேல காக்கிச் சட்டை போட்டாத்தான் டிரைவர் மாதிரி இருக்கும்"னா. நான் டிரைவரேதாம்மான்னு சொன்னேன். காதுல வாங்கல. கையோட ஒரு காக்கிச் சட்டை கொண்டுவந்திருந்தா. அதுக்குள்ள என்னை மாதிரி ரெண்டு பேரு போகலாம். கையை மடிச்சு விட்டாங்க. அப்புறம் யாரையாவது கெட்ட வார்த்தைல திட்டச் சொன்னாங்க. ஏர்போர்ட் டாக்ஸி ஸ்டாண்ட்ல எங்களுக்கெல்லாம் மூத்தவரான பாலு அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி, வண்டியை என் குறுக்க விடச் சொன்னாங்க. அவரும் விட்டாரு. எனக்குத் திட்டு வரல. "அண்ணே, பாத்து வாங்கண்ணே"ன்னுட்டேன். கட், கட்னு கத்தினாங்க.

கடைசில காவிரிக்கரைல, அம்மா மண்டபத்துப் படித்துறைல உக்கார வெச்சு பேட்டி எடுத்தாங்க. உங்க வீட்டுக்கார அண்ணன் குடிப்பாரா? இல்ல. அடிப்பாரா? சேச்சே. பணம் அனுப்ப மாட்டாரா? மாசம் தவறாம அனுப்புறாரும்மா. ஒவ்வொரு பதிலுக்கும் நிவேதாவுக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. "சரிக்கா, அவரு இல்லாம எப்படியிருக்கு, அதையாவது சொல்லுங்க"ன்னா. அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே நான் உள்ளதைச் சொன்னேன். "அவரு இல்லாம ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு. அப்பா எப்போ வருவாருன்னு பசங்க கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியல." சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. எல்லாரும் சந்தோஷமா கேமராவை மடக்கினாங்க.

அடுத்த வாரம் படம் வந்துச்சு. பின்னால சோகமா புல்லாங்குழல். நான் படித்துறைல அழறேன். மேல கொட்டை எழுத்துல, "கணவன் கைவிட்டான், ஸ்டீயரிங் கைகொடுத்தது!" நான் சொன்ன எதுவும் படத்துல இல்ல; தினமும் ஃபோன் பண்றாருங்கறதும் இல்ல, மாசாமாசம் பணம் அனுப்புறதும் இல்ல. நிவேதாவைக் கூப்பிட்டு, "பாவி, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"னு சத்தம் போட்டேன். திட்டு அப்போதான் நல்லா வந்துச்சு. அவளும் பயந்து போய் அன்னிக்கே படத்தை எடுத்துட்டா. எடுத்து என்ன பிரயோஜனம், அதுக்குள்ள ஊர் முழுக்க ஃபோன் ஃபோனா போய்ச் சேர்ந்துடுச்சு. ஏன்மா இப்படிப் பண்ணேன்னு கேட்டதுக்கு அழுதுக்கிட்டே சொன்னா: "புருஷன் நல்லவருன்னு போட்டா யாருமே பாக்க மாட்டாங்கக்கா."

எடுக்காத போனு

அது குவைத்துக்கும் போயிடுச்சு. அவரு தங்கியிருக்கற ரூம்ல டீ போட்டு வெச்சுக்கிட்டு எல்லாரும் வட்டமா உக்காந்து பாத்திருக்காங்க. "சகாயம், இது உம் பொண்டாட்டிதானே?"ன்னு கேட்டிருக்காங்க. கேலியாத்தான் கேட்டிருப்பாங்க. ஆனா மனுஷன் குன்னிப் போயிட்டாரு. நான் என் பக்கத்து நியாயத்தையெல்லாம் கொட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீ சொல்லியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் ஸ்டெல்லா. ஆனா பாக்கற இவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சு குறைஞ்சு போச்சு. சாப்டியா, பசங்க சாப்டாங்களா, சரி வெக்கறேன். கிளட்ச்சைப் பத்திப் பேச்சே இல்ல. பார்க்கிங்ல சீட்டைச் சாய்ச்சுட்டு ஃபோனை நெஞ்சுமேல வெச்சுக்கிட்டுக் கிடப்பேன். அடிக்காது. திட்டுறதுக்காவது கூப்பிட மாட்டாரான்னு இருக்கும்.

அந்தச் சமயத்துலதான் கைலாசபுரத்துலேருந்து ஒரு அம்மா ஏறினாங்க. உக்காந்ததும், "நீதானே அந்தக் காக்கிச் சட்டை?"ன்னு கண்டுபுடிச்சுட்டாங்க. அது தப்பான படம்மா, எங்க வீட்டுக்காரர் தங்கமானவருன்னேன். "இப்படித்தான்டி நாமெல்லாம் மூடி மூடி மறைக்கறோம்"னு அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் நல்லவருன்னு சொல்லச் சொல்ல அவரு இன்னும் கெட்டவரா ஆயிக்கிட்டே போனாரு. என்ன பண்ணச் சொல்றீங்க? கட்டினவளை அழ வெச்சவன் உருப்படுவானான்னு அவங்க ஆரம்பிக்கவும், முன்னாடி ஸ்டாண்டுல வெச்சிருந்த ஃபோன்ல அவரு பேரு மின்னிச்சு. அத்தனை நாளா ஏங்கிக் கிடந்த போனு. சவாரில இருக்கும்போது நான் எடுக்கற வழக்கமில்ல. எடுக்கவும் முடியாம, விடவும் முடியாம வண்டியை ஓரங்கட்டினேன். பின்னாலேருந்து அந்த அம்மா என் தோளை அழுத்திப் புடிச்சுக்கிட்டாங்க: "எடுக்காத! அந்த ஆளு போனை நீ எடுக்கவே கூடாது!"

முறுக்குப் பார்சல்

திருவானைக்காவல்ல ஒரு தம்பி ஏர்போர்ட்டுக்கு ஏறினான். வாசல்ல அவன் பொண்டாட்டி நின்னுக்கிட்டிருந்தா. தெரு திரும்பற வரைக்கும் இவன் தலையைத் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தான். எனக்குப் பாவமா போச்சு, பேச்சுக் கொடுத்தேன். குவைத்ல ஒரு ஆஸ்பத்திரில வேலைன்னான். டாக்டரா தம்பின்னேன். "இல்லக்கா, நர்ஸ்"னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என்ன பண்றது, சினிமால ஆம்பளை நர்ஸ்னா பெரிய ஊசியைத் தூக்கிக்கிட்டு நோயாளியைத் துரத்தற ஆளுதானே! கண்ணாடில அவன் என்னைப் பாத்தான். கோபமே இல்லாம, "டிரைவர் எங்கன்னு நான் உங்களைக் கேட்டேனாக்கா?"ன்னான். அதுக்கு மேல ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம். பொண்ணு பாக்கப் போன வீட்டுல எல்லாம் அவனைக் கம்பவுண்டர்னுதான் சொன்னாங்களாம். ஆஸ்பத்திரில கிழவிங்க எல்லாம், "நீ போப்பா, சிஸ்டரை வரச் சொல்லு"ம்பாங்களாம்.

அந்தப் படத்தை நானும் பாத்தேன்க்கா, நம்பல, சினிமால எங்களைக் காட்டற லட்சணம் தெரியாதான்னான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. குவைத் போறவங்க யாராவது மாட்டினா கொடுத்துவிடலாம்னு டிக்கில எப்பவும் ஒரு மணப்பாறை முறுக்குப் பார்சல் வெச்சிருப்பேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு, ஆனாலும் எங்க வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்துக் கேட்டேன். அவன் பெட்டியைத் திறந்து, பொண்டாட்டி கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியை ஓரமா தள்ளி, இடம் பண்ணி வெச்சுக்கிட்டான். உள்ள போறதுக்கு முன்னாடி திரும்பி நின்னு கேட்டான்: "அண்ணன்கிட்ட முறுக்கை மட்டும் குடுக்கவா, இல்ல நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னும் சொல்லவா?"

ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?

"முறுக்கு வந்துச்சு. அந்தத் தம்பி நல்லாப் பேசறான். அன்னிக்குப் பாலத்துல எதிர்ல லாரிக்காரன் ஏறி வந்தப்போ நீ பதறாம ஒதுங்கினியாமே"ன்னு ஒரு நாள் எங்க வீட்டுக்காரரே ஃபோன்ல சொன்னாரு. அப்புறம் லீவு கிடைச்சிருக்குன்னாரு. நான் வந்து கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். "பாக்கலாம்"னு வெச்சுட்டாரு. எங்க மாமியார் வேற, "வேற வண்டி சொல்லிடலாம்டி. நீ சாவியோட போய் நின்னா அந்தப் படத்தைப் பாத்தவன் எல்லாம் எம் புள்ளையைப் பாத்துச் சிரிப்பான்"னாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. ஆனா நான் கேக்கல. வண்டியைக் கழுவினேன், டேஷ்போர்டுல இருக்கற வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பூ வெச்சேன், பசங்களை ஏத்திக்கிட்டுக் காலைல போய் நின்னுட்டேன்.

அவரு வந்தாரு. முன் தலைல முடி கொட்டியிருந்துச்சு. டிராலில கயிறு சுத்தின பெட்டி, பூப்போட்ட போர்வை மூட்டை. பசங்களைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. பெரியவன் அழுதான், சின்னவ வெக்கப்பட்டா. என்னைப் பாத்து, "இளைச்சுட்ட"ன்னு ஒரு வார்த்தை. அதுக்குள்ள ஸ்டாண்ட்ல எங்க டிரைவருங்க எல்லாரும் வேலை இருக்கற மாதிரி எங்களைச் சுத்தி வந்து நின்னுட்டாங்க. எல்லாரும் படம் பாத்தவங்க. அவரு ஒரு தடவை அவங்களைப் பாத்தாரு. முகம் இறுகிப் போச்சு. என் பக்கம் கையை நீட்டி, "சாவியைக் குடு. நான் ஓட்டறேன்"னாரு. எத்தனை நாள் கனவு! மனசு உடைஞ்சு போச்சு. ஆனா அத்தனை பேரு முன்னாடி அவரை நான் நிக்க வெக்கவா முடியும்? கொடுத்துட்டேன்.

வாங்கினாரு. விறுவிறுன்னு நடந்தாரு. கதவைத் திறந்து உக்காந்து சாத்திக்கிட்டாரு. கையை முன்னால கொண்டுபோனாரு. அங்க ஸ்டீயரிங் இல்ல, மாதா படம்தான் இருந்துச்சு. அத்தனை வருஷப் பழக்கம். மனுஷன் நேரா இடது பக்கம் போய் உக்காந்துட்டாரு. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. பாலு அண்ணன்தான் முதல்ல வாயைத் திறந்தாரு. "என்ன சகாயம், ஸ்டீயரிங்கைக் குவைத்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

அவரு மாதா படத்தைப் பாத்தாரு, பாலு அண்ணனைப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, பொன்மலை மைதானத்துல நான் வண்டியை மரத்துல கொண்டுபோய் முட்டினப்போ சிரிச்ச அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் திரும்ப எப்போ கேப்பேன்னுதான் நான் ஏங்கிக் கிடந்தேன். எறங்கிச் சுத்தி இந்தப் பக்கம் வருவாருன்னு பாத்தேன். வரல. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கிட்டு, சாவியை என் பக்கம் நீட்டினாரு. நான் போய் உக்காந்தேன். அவரு கனவுல சொன்ன மாதிரியே அவருக்கு வலது பக்கம் நான், ஆனா ஸ்டீயரிங் என் கைல. கிளட்ச்சைப் பாதிலயே வெச்சிருந்தேன் போல. அவரு கீழ பாத்தாரு, ஒண்ணும் சொல்லல.

வெளில போற கேட்ல ஒரு புது ஆளு நின்னாரு. என்னைத் தாண்டிக் குனிஞ்சு, அந்தப் பக்கம் உக்காந்திருக்கற ஆம்பளையைப் பாத்து, "சார், பார்க்கிங் டோக்கன் குடுங்க"ன்னாரு. எனக்குப் பழகின விஷயம்தான், டோக்கனை எடுக்கக் கையை நகத்தினேன். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் நிமிந்து உக்காந்து, எங்களுக்குப் பின்னால வண்டில வந்து நின்ன பாலு அண்ணன் காதுலயும் விழற மாதிரி சத்தமாச் சொன்னாரு: "என்னை ஏன் கேக்கறீங்க? டிரைவர் அங்க இருக்காங்க, அவங்களைக் கேளுங்க."

லீவு முடிஞ்சதும் அவரைத் திரும்ப ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டவளும் நான்தான், இப்போ அதே பார்க்கிங்ல சீட்டைச் சாய்ச்சுட்டு யோசிச்சா, எல்லாக் காத்திருப்புக்கும் வெயிட்டிங் சார்ஜ் போடற இந்தத் தொழில்ல, கட்டினவருக்காகக் காத்திருக்கறதுக்கு மட்டும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கே தவிர, யாருக்கு பில் போடறதுன்னு தெரியல.